விண்டோஸ் தொடங்கும்போது பாதுகாப்புப் பணிகள் இழுத்தடித்தால்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் வழிகாட்டி

விண்டோஸ் கணினியைத் திறந்து, கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போன பிறகும், எதைச் சொடுக்கினாலும் பதில் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும் நிலை பலருக்கும் பழக்கமானது. பொறுமையிழந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், பட்டியலின் உச்சியில் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ என்ற பெயரோ (விண்டோஸுடனேயே வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் அது), தனியாக வாங்கி நிறுவிய வைரஸ் தடுப்பு மென்பொருளின் பெயரோ நிற்கும். அதை நிறுத்திவிட்டால் தொல்லை தீரும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பாதுகாப்பு மென்பொருளின் கணக்கில் ஏறும் நேரத்தில் கணிசமான பங்கு, அதே வேளையில் ஓடும் மற்ற மென்பொருள்கள் தரும் வேலையால் வருவது. ஆகவே எதையும் அணைப்பதற்கு முன், தாமதம் எந்தக் கட்டத்தில் வருகிறது, யாரால் வருகிறது என்பதை அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கான வழியைப் புதியவர்களும் பின்பற்றக்கூடிய வரிசையில் இங்கே விளக்குகிறேன். சொல்லப்படுபவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதை மட்டும் அதைப் பயன்படுத்துவோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் நடப்பது என்ன

மின் பொத்தானை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது மதர்போர்டிலேயே பதிந்துள்ள ஃபர்ம்வேர் என்ற தொடக்க நிரல். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், விண்டோஸைத் தூக்கிவிடும் பூட் லோடரின் டிஜிட்டல் கையொப்பத்தை அது சரிபார்க்கும். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், தொடக்கச் சூழலில் மாற்றம் ஏதும் இல்லை என்பது உறுதியான பின்பே டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு திறவுகோலை விடுவிக்கும். அடுத்து விண்டோஸின் கருப்பகுதி ஏறும்போது, அதனுடன் சேர்ந்து இயங்கும் நிரல்களான மற்ற டிரைவர்களுக்கு முன்னதாக வைரஸ் தடுப்பு மென்பொருளின் சிறிய டிரைவர் ஒன்று ஏறி, பின்னால் வரும் டிரைவர்கள் நம்பத்தக்கவையா என்று வகைப்படுத்தும். விண்டோஸ் 8 முதல் உள்ள ஏற்பாடு இது. இவ்வளவும் அடுக்கிச் சொன்னால் பெரிய வேலைபோலத் தெரியும். உண்மையில் சோதிக்கப்படும் கோப்புகள் குறைவு என்பதால் நலமாக இருக்கும் கணினியில் இதற்கு ஆகும் நேரம் நமக்குத் தெரிவதே இல்லை.

தாமதம் உணரப்படுவது பெரும்பாலும் இதற்குப் பிந்திய கட்டத்தில்தான். வைரஸ் தடுப்பு மென்பொருள், கோப்பு முறைமையின் மேல் ஒரு வடிகட்டி டிரைவரை அமர்த்திக்கொள்கிறது. எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் திறக்க முயன்றாலும் அந்தக் கோரிக்கை இந்த வடிகட்டியைக் கடந்தே போக வேண்டும்; சோதனை முடியும்வரை கோப்பைக் கேட்ட மென்பொருள் காத்திருக்கும். வாசலில் பைகளைச் சோதிக்கும் காவலரிடம் வரிசை நீளுவது அவர் மந்தமானவர் என்பதால் மட்டுமன்று, ஒரே நேரத்தில் எல்லாரும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவதாலும்தான். அரட்டைச் செயலி, கோப்பு ஒத்திசைவுச் செயலி, பிரிண்டர் உதவிச் செயலி, விளையாட்டுக் கடை என்று பத்துப் பன்னிரண்டு மென்பொருள்கள் லாகின் ஆனவுடன் ஒன்றாகப் பாய்ந்து ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திறக்கும்போது, அத்தனையையும் சோதிக்கும் செலவு வைரஸ் தடுப்பு மென்பொருளின் பெயரில் பதிவாகிறது. டாஸ்க் மேனேஜரில் உச்சியில் நிற்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

முதலில் சரியாக அளத்தல்

அளப்பதற்கு ஷட் டவுன் செய்து திறப்பது பொருத்தமான முறை அல்ல. ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இயக்கத்தில் இருக்கும் கணினிகளில், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் கருப்பகுதியின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே மீட்டெடுக்கிறது. அதனால் டிரைவர்கள் புதிதாக ஏறுவதில்லை. நீங்கள் செய்த மாற்றத்தின் விளைவும் முழுமையாகத் தெரிவதில்லை. டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் சிபியுவின் கீழ் உள்ள ‘அப் டைம்’, நாள்தோறும் கணினியை அணைத்தும் பல நாள்களாக ஓடுவதாகக் காட்டினால், அதற்கு இந்த வசதியே காரணமாக இருக்கும். ரீஸ்டார்ட் கட்டளையோ எப்போதும் முழுத் தொடக்கத்தைச் செய்கிறது.

விண்டோஸ் அப்டேட் நிறுவப்பட்டதற்கு அடுத்த முதல் தொடக்கத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கணினிக் கோப்புகள் பல மாறியிருப்பதால், முன்பே சோதித்துச் சரியென்று குறித்துவைத்தவற்றையும் வைரஸ் தடுப்பு மென்பொருள் மீண்டும் சோதிக்க நேரிடும். மைக்ரோசாப்ட் தரும் தீய மென்பொருள் அகற்றும் கருவியும் மாதாந்திர அப்டேட்டுடன் வந்து ஒருமுறை பின்னணியில் ஓடிவிட்டுப் போகும். அந்த அப்டேட் வரும், மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையை ஒட்டி மட்டும் கணினி மந்தமாகிப் பிறகு தானே சரியாகிவிடுகிறது என்றால், நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

கைபேசியின் ஸ்டாப்வாட்சை வைத்து மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரீஸ்டார்ட் கொடுத்துத் திரை அணைந்ததிலிருந்து விண்டோஸின் சுழல் புள்ளிகள் தெரியும்வரை, அங்கிருந்து கடவுச்சொல் கேட்கும் திரை வரும்வரை, கடவுச்சொல் கொடுத்ததிலிருந்து ஒரு செயலி இயல்பாகத் திறக்கும்வரை. இரண்டு மூன்று முறை செய்து பார்த்தால் எந்தப் பகுதி நீளுகிறது என்பது தெரிந்துவிடும். முதல் பகுதிக்கு ஸ்டாப்வாட்ச்கூடத் தேவையில்லை; கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதிக்குப் போனால், வலது மேல் மூலையில் ‘லாஸ்ட் பயாஸ் டைம்’ என்று நொடிக் கணக்கு இருக்கும்.

அந்த முதல் பகுதிதான் நீளுகிறது என்றால் பிரச்சினை விண்டோஸில் இல்லை. செருகியிருக்கும் யுஎஸ்பி சாதனங்களைக் கழற்றிப் பார்ப்பதும், கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் உள்ளதா என்று பார்ப்பதும் போதும். ஃபர்ம்வேரை மாற்றுவதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக இடைநிறுத்தி வையுங்கள். இல்லையேல் தொடக்கச் சூழல் மாறிவிட்டது என்று டிபிஎம் திறவுகோலைத் தர மறுக்க, நீண்ட மீட்புத் திறவுகோலைத் தேடி அலைய நேரிடும்.

விண்டோஸே எழுதிவைக்கும் குறிப்பு

இரண்டாவது, மூன்றாவது பகுதிகள் நீளுகின்றன என்றால், அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் ஈவென்ட் வியூவர். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தேடித் திறந்து, இடப்பக்கத்தில் ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘மைக்ரோசாப்ட்’, அதற்குள் ‘விண்டோஸ்’, அதற்குள் ‘டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ்’, அதற்குள் ‘ஆபரேஷனல்’ என்று வரிசையாக இறங்குங்கள். பயன் மிகுந்த இந்தப் பதிவேடு இவ்வளவு ஆழத்தில் புதைந்து கிடப்பதால்தான் பலர் இதைப் பார்க்காமலேயே மென்பொருளை நீக்கப் போய்விடுகிறார்கள்.

இங்கே 100 என்ற எண்ணுள்ள நிகழ்வு ஒவ்வொன்றும் ஒரு தொடக்கத்தின் முழு அளவைத் தருகிறது. அதைச் சொடுக்கி ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதிக்குப் போனால் ‘பூட்டைம்’ என்று மொத்த நேரமும், ‘மெயின்பாத்பூட்டைம்’ என்று டெஸ்க்டாப் தோன்றும்வரை ஆன நேரமும், ‘பூட்போஸ்ட்பூட்டைம்’ என்று அதன் பிறகு பின்னணி வேலைகள் ஓயும்வரை ஆன நேரமும் மில்லிநொடியில் இருக்கும். ஆயிரத்தால் வகுத்தால் நொடி. இந்த நிகழ்வுகளில் ‘எரர்’, ‘கிரிட்டிக்கல்’ என்று சிவப்பு அடையாளம் இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். தொடக்கம் மெதுவாக இருந்தது என்பதற்கு விண்டோஸ் வைக்கும் தரக்குறியே அது, பழுது என்பதற்கான சான்று அன்று.

காரணத்தைக் காட்டுபவை அடுத்தடுத்த எண்கள். 101 எண் தாமதப்படுத்திய செயலியையும், 102 டிரைவரையும், 103 சர்வீஸையும் (பின்னணியில் ஓடும் நிரல்) பெயர் சொல்லிக் காட்டும். அது எடுத்துக்கொண்ட மொத்த நேரத்தையும், வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதையும் சேர்த்தே தரும். ஒரே ஒருமுறை வந்த பெயரை விட்டுவிடுங்கள். ஐந்து தொடக்கங்களில் நான்கில் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே ஈவென்ட் வியூவரில் ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதன் கீழுள்ள ‘சிஸ்டம்’ பதிவேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சர்வீஸ் ஒன்று தொடங்கியதாகத் தெரிவிக்க விண்டோஸ் இயல்பாக 30 நொடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் 7009 என்ற எண்ணில் பதிவு செய்யும். பெரும்பாலும் 7000 என்ற எண்ணும் உடன் வரும். பாதி நீக்கப்பட்ட பழைய பாதுகாப்பு மென்பொருளின் சர்வீஸ், இல்லாத கோப்பைத் தேடித் தோற்பது இப்படித்தான் வெளிப்படுகிறது. மைக்ரோசாப்ட் டிஃபெண்டரைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு பதிவேடும் உதவும்: மேலே சொன்ன ‘விண்டோஸ்’ கோப்புறைக்குள் உள்ள ‘விண்டோஸ் டிஃபெண்டர்’ என்பதன் ‘ஆபரேஷனல்’ பகுதியில், 1000 என்பது சோதனை தொடங்கிய நேரம், 1001 முடிந்த நேரம், 2000 வைரஸ் பட்டியல் புதுப்பிக்கப்பட்ட நேரம். கணினி திணறும் நிமிடங்களும் 1000க்கும் 1001க்கும் இடைப்பட்ட நிமிடங்களும் ஒன்றாக இருந்தால், காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இரண்டு பாதுகாப்பு மென்பொருள்கள் மோதிக்கொள்ளுதல்

காரணங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இது. கணினியுடன் இலவசமாக வந்த சோதனைப் பதிப்பு ஒன்று, பின்னர் வாங்கிய இன்னொன்று, இணைய வங்கிக்காக நிறுவிய பாதுகாப்புச் செருகி ஒன்று என்று சேர்ந்துபோன கணினியில், ஒவ்வொரு கோப்பும் ஒன்றுக்கு மேற்பட்ட வடிகட்டிகளைக் கடக்க வேண்டியிருக்கும். சோதிப்பதற்காக ஒன்று திறக்கும் கோப்பை மற்றது மறித்துச் சோதிக்கவும் கூடும். வேறொரு வைரஸ் தடுப்பு மென்பொருள் முறையாக நிறுவப்பட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் மற்ற இரண்டு நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று அப்படி வழிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

எவை பதிவாகியுள்ளன என்பதை ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ செயலியின் அமைப்புகளில் ‘மேனேஜ் ப்ரொவைடர்ஸ்’ என்ற இணைப்பில் பார்க்கலாம். அது முழுப் படத்தைத் தராது. நீக்கியதாக நினைத்த மென்பொருளின் டிரைவர் உள்ளே தங்கியிருந்தால் அங்கே தெரியாது. அதைக் காண, கமாண்ட் ப்ராம்ப்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, எஃப், எல், டி, எம், சி (fltmc) என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வடிகட்டி டிரைவர்களின் பட்டியல், ‘ஆல்டிட்யூட்’ என்ற எண்ணுடன் வரும். வைரஸ் தடுப்பு வகைக்கு மைக்ரோசாப்ட் ஒதுக்கியிருப்பது 320000 முதல் 329998 வரையிலான எண்கள். டிஃபெண்டரின் வடிகட்டி 328010. இந்த எல்லைக்குள் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் பெயர்கள் இருந்தால், தாமதத்துக்கான வலுவான காரணம் ஒன்று அகப்பட்டது என்று கொள்ளலாம்.

எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து மற்றதை ‘செட்டிங்ஸ்’ வழியாக அகற்றுங்கள். அகற்றிய பின்னும் டிரைவர் மிஞ்சியிருந்தால், அந்த நிறுவனமே தன் தளத்தில் வழங்கும் முழு நீக்கக் கருவியைப் பயன்படுத்துங்கள்; பெயர் பெற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் அப்படி ஒன்றை வைத்திருக்கின்றன. டிரைவர் கோப்பைக் கையால் அழிப்பதோ, ரெஜிஸ்ட்ரியில் தோண்டுவதோ வேண்டாம். தொடக்கத்திலேயே ஏறும் பாதுகாப்பு டிரைவரில் கோளாறு நேர்ந்தால் விண்டோஸ் எழவே முடியாமல் போகலாம் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது: க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. அவற்றை மீட்கப் போனவர்களில் பலர் பிட்லாக்கர் மீட்புத் திறவுகோல் கைவசம் இல்லாமல் தடுமாறினார்கள். ஆகவே இதற்குமேல் எந்த மாற்றத்தைச் செய்வதற்கும் முன், உங்கள் கணினியின் மீட்புத் திறவுகோல் எங்கே உள்ளது என்று பார்த்து, அந்தக் கணினிக்கு வெளியே ஓர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லாகின் நேரத்தில் ஓடும் சோதனை

கணினி திறக்கும்போதே சோதனை தொடங்கும்படி சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களில் ஓர் அமைப்பு இருக்கிறது. நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போது இதனால் கூடுதலாகக் கிடைக்கும் பயன் குறைவு என்பது என் கருத்து. திறக்கப்படும் கோப்பு எப்படியும் அந்த நேரத்திலேயே சோதிக்கப்படுகிறது. அந்த மென்பொருளின் அமைப்புகளுக்குள் சென்று, சோதனையை நீங்கள் கணினியை விட்டு எழுந்துபோகும் ஒரு நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். முழுச் சோதனை நாள்தோறும் ஓடும்படி இருந்தால் அதை விரைவுச் சோதனையாக மாற்றலாம்.

டிஃபெண்டர் என்றால் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்பதைத் திறந்து, அதன் நூலகத்தில் ‘மைக்ரோசாப்ட்’, ‘விண்டோஸ்’, ‘விண்டோஸ் டிஃபெண்டர்’ என்று போனால் நான்கு பணிகள் தெரியும். அவற்றில் ‘ஷெட்யூல்டு ஸ்கேன்’ என்று முடிவதை இருமுறை சொடுக்கி, ‘ட்ரிக்கர்ஸ்’ பகுதியில் உங்களுக்கு வசதியான கிழமையையும் நேரத்தையும் சேர்க்கலாம். மற்ற மூன்றையும் தொடாதீர்கள்.

வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே திறக்கப்படும் கணினி ஒவ்வொரு முறையும் திணறுவது வேறு கதை. வைரஸ் பட்டியல் ஒரு வாரம் பின்தங்கியிருப்பதால் அதைப் பதிவிறக்கி, பிரித்து, பழைய முடிவுகளை மறுபடி சரிபார்க்கும் வேலை முழுவதும் அந்த ஒரே லாகினில் வந்து குவிகிறது. விண்டோஸ் அப்டேட்டும் செயலிகளின் அப்டேட்டும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். இதற்கு அமைப்புகளில் மருந்து தேட வேண்டாம். வேலை தொடங்குவதற்குச் சற்று முன்னதாகவே கணினியைத் திறந்து இணையத்துடன் விட்டுவிட்டால் தீர்ந்தது.

வேலை கொடுப்பவர்களைக் குறைத்தல்

முன்பு சொன்ன வாசல் நெரிசலுக்கு நேரான தீர்வு, ஒரே நேரத்தில் நுழைவோரைக் குறைப்பதுதான். டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பட்டியலில் ‘ஸ்டார்ட்அப் இம்பாக்ட்’ என்ற நெடுவரிசை உண்டு. அதில் உள்ள ‘ஹை’ என்ற சொல் ஊகம் அன்று: தொடக்கத்தின்போது ஒரு நொடிக்கு மேல் சிபியு நேரத்தையோ, 3 எம்பிக்கு மேல் டிஸ்க் பரிமாற்றத்தையோ எடுத்துக்கொள்ளும் செயலிக்கு அந்தக் குறி விழும். 300 மில்லிநொடிக்கும் 300 கேபிக்கும் குறைவாக எடுப்பவை ‘லோ’, இடைப்பட்டவை ‘மீடியம்’. ‘நாட் மெஷர்டு’ என்று இருந்தால் அந்தச் செயலி இன்னும் அளக்கப்படவில்லை என்று பொருள், பாரம் இல்லை என்று பொருள் அன்று.

‘ஹை’ என்று உள்ளவற்றில், கணினி திறந்தவுடனே உங்களுக்குத் தேவைப்படாத ஒவ்வொன்றையும் வலச்சொடுக்கி ‘டிஸேபிள்’ செய்யுங்கள். இதனால் அந்தச் செயலி அழிந்துவிடாது. நீங்கள் திறக்கும்போது மட்டும் ஓடும். அவ்வளவுதான். ‘விண்டோஸ் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன் ஐகான்’ என்ற ஒன்றையும் இந்தப் பட்டியலில் காண்பீர்கள். அதை நிறுத்தினால் திரையின் மூலையில் உள்ள கேடயச் சின்னம் மறையுமே தவிரப் பாதுகாப்பு நிற்காது, வேகமும் கூடாது. அதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. நான்கைந்து செயலிகளை நிறுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்து மீண்டும் அளந்து பாருங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளின் ஓர் அமைப்பைக்கூட மாற்றாமலேயே அது எடுக்கும் நேரம் இறங்கியிருப்பதைப் பல கணினிகளில் இந்த இடத்திலேயே காணலாம்.

கிளீன் பூட்: யார் என்று பிரித்தறிதல்

அப்படியும் இறங்காவிட்டால் கிளீன் பூட் செய்ய வேண்டும், அதாவது மைக்ரோசாப்ட் அல்லாத சர்வீஸ்களையும் ஸ்டார்ட்அப் செயலிகளையும் நிறுத்திவிட்டு விண்டோஸைத் தொடங்க வேண்டும். விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால் ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ திறக்கும். ‘சர்வீசஸ்’ பகுதியில் முதலில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாப்ட் சர்வீசஸ்’ என்ற கட்டத்தில் குறியிடுங்கள். இந்த வரிசை முக்கியம். குறியிடாமல் எல்லாவற்றையும் நிறுத்தினால் விண்டோஸுக்கு இன்றியமையாத சர்வீஸ்களும் நின்றுவிடும். அதன் பிறகு ‘டிஸேபிள் ஆல்’ கொடுத்து, ஸ்டார்ட்அப் செயலிகளையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘பூட்’ பகுதியில் உள்ள ‘சேஃப் பூட்’ கட்டத்தைத் தொட வேண்டாம்; அது வேறு வகைத் தொடக்கம்.

கிளீன் பூட்டில் டிஃபெண்டர் நிற்பதில்லை, ஏனெனில் அது மைக்ரோசாப்டின் சர்வீஸ். இதுவே நமக்குச் சாதகம்: டிஃபெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி விரைவாக எழுந்தால், தாமதத்துக்கு அது மட்டுமே பொறுப்பல்ல என்பது தெளிவாகிவிடுகிறது. பிறகு நிறுத்திய சர்வீஸ்களில் பாதியை மட்டும் இயக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். தாமதம் திரும்பினால் காரணம் அந்தப் பாதிக்குள், திரும்பாவிட்டால் மற்ற பாதிக்குள். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், முப்பது சர்வீஸ்கள் இருந்தாலும் ஐந்தாறு முறைக்குள் ஒரே பெயரில் வந்து நிற்கலாம். வேறு நிறுவனத்தின் வைரஸ் தடுப்பு மென்பொருள், தன்னை நிறுத்த முடியாதபடி தற்காப்புச் செய்துகொண்டிருக்கக்கூடும். எம்எஸ்கான்ஃபிக் அதை நிறுத்தத் தவறினால் அதனுடன் மல்லுக்கட்ட வேண்டாம். எல்லாம் முடிந்தபின் ‘ஜெனரல்’ பகுதியில் ‘நார்மல் ஸ்டார்ட்அப்’ என்பதைத் தேர்ந்து பழைய நிலைக்குத் திரும்ப மறக்காதீர்கள்.

நெட்வொர்க்குக்காகக் காத்திருத்தல்

கையொப்பமிட்ட கோப்புகளின் சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று இணையத்தில் கேட்டுப் பார்ப்பது, ஐயத்துக்குரிய கோப்பைப் பற்றி மேகச் சேவையிடம் விசாரிப்பது, விபிஎன் (இணையத்தின் வழியே அமையும் தனி இணைப்பு) ஏற்படுத்துவது ஆகியவை நெட்வொர்க்கை நம்பியவை. இணைப்பு அரைகுறையாக இருந்தால் ஒவ்வொன்றும் தனக்கு வரையறுத்த நேரம்வரை காத்திருந்து தோற்கும். ஒருமுறை வைஃபையை அணைத்து, கேபிளையும் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். மறுமுறை நல்ல இணைப்புடன் செய்யுங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால், விபிஎன் செயலியின் தானியங்கி இணைப்பு, ப்ராக்ஸி (இடைநிலை சர்வர்) அமைப்பு, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கின் பங்கு

சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில், மேலே சொன்ன எல்லாத் தாமதமும் பன்மடங்காகத் தெரியும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை வாசிப்பதில்தான் அது மிகவும் பின்தங்கியது, வைரஸ் சோதனையோ அதே வகை வேலை. லாகின் ஆனபின் டாஸ்க் மேனேஜரில் சிபியு தாழ்ந்தும் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலும் நின்றால், எந்த அமைப்பை மாற்றுவதையும்விட எஸ்எஸ்டிக்கு மாறுவதே பலன் தரும். இது சற்றுச் செலவு பிடிக்கும் அறிவுரை என்றாலும் மறைப்பதில் பொருளில்லை. எஸ்எஸ்டி இருந்தும் இப்படி நேர்ந்தால், ‘சிஸ்டம்’ பதிவேட்டில் டிஸ்க்கின் பெயரில் 7 அல்லது 153 என்ற எண்கள் உள்ளனவா என்று பாருங்கள். முன்னது பழுதான பகுதியையும் பின்னது திரும்பத் திரும்ப முயல நேர்ந்த வாசிப்பையும் குறிக்கும். அவை தொடர்ந்து வந்தால் முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். வேகத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

விண்டோஸின் கோப்புகளே சிதைந்திருக்கும் ஐயம் இருந்தால், நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் எஸ்எஃப்சி கட்டளையை ஸ்கேன்நவ் என்ற தேர்வுடன் (sfc /scannow) ஓட்டுங்கள். தீய மென்பொருள் உள்ளே இருந்துகொண்டு பாதுகாப்பை முடக்குகிறது என்ற ஐயம் இருந்தால், ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ செயலியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ என்பதன் கீழுள்ள ஆஃப்லைன் சோதனையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே அது ஓடுவதால் ஒளிந்துகொள்ள இடம் இராது.

விலக்குப் பட்டியல் பற்றி

சி டிரைவ் முழுவதையும் வைரஸ் சோதனையிலிருந்து விலக்கிவிட்டால் கணினி பறக்கும் என்ற அறிவுரை பரவலாகக் கிடைக்கும். பறக்கும்தான், ஆனால் பாதுகாப்பே இல்லை என்பதற்கும் அதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. தற்காலிகக் கோப்புகளுக்கான கோப்புறை, டவுன்லோட்ஸ் கோப்புறை ஆகியவற்றை விலக்குவதும் அதே அளவு ஆபத்தானது; தீய மென்பொருள் முதலில் வந்து இறங்கும் இடங்கள் அவையே. விலக்கு தேவைப்படும் அரிய சூழல்களும் உண்டு: பெரிய தரவுத்தளக் கோப்பு, மெய்நிகர் கணினியின் டிஸ்க் கோப்பு, நிரல் தொகுக்கும் கோப்புறை போன்றவை. அப்போதும் மென்பொருளைத் தயாரித்தவரே பரிந்துரைக்கும் குறுகிய பாதையை மட்டும் சேர்க்க வேண்டும்.

ஊகத்தால் விலக்குவதைத் தவிர்க்க டிஃபெண்டரே ஒரு வழி வைத்திருக்கிறது. பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையுடன் திறந்து ‘நியூ-எம்பிபெர்ஃபார்மன்ஸ்ரெக்கார்டிங்’ (New-MpPerformanceRecording) என்ற கட்டளையை, பதிவுக் கோப்பின் பெயருடன் ஓட்டினால், நீங்கள் நிறுத்தும்வரை நடக்கும் சோதனைகளைப் பதிவு செய்யும்; பின்னர் ‘கெட்-எம்பிபெர்ஃபார்மன்ஸ்ரிப்போர்ட்’ (Get-MpPerformanceReport) என்ற கட்டளை, அதிக நேரத்தை விழுங்கிய கோப்புகளையும் அவற்றைத் திறந்த செயலிகளையும் வரிசைப்படுத்திக் காட்டும். லாகின் ஆனவுடன் இதை ஓட்டிப் பார்த்தால், யாருடைய வேலை டிஃபெண்டரின் பெயரில் எழுதப்படுகிறது என்பது பெயரோடு தெரியும்.

அலுவலகக் கணினி என்றால்

அமைப்புகளில் பல, மாற்ற முடியாதபடி மங்கலாகத் தெரிந்து, நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற குறிப்பும் இருந்தால், மேலே உள்ளவற்றில் அளவிடும் பகுதியை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். சோதனை நேரம், விலக்குகள், விபிஎன் எல்லாமே அங்கே மையத்திலிருந்து விதிக்கப்படுகின்றன. நீங்கள் மாற்றினாலும் பெரும்பாலும் மீண்டும் பழையபடி ஆகிவிடும். கணினி மெதுவாக இருக்கிறது என்று மட்டும் புகார் அனுப்பினால் அது வரிசையில் கடைசிக்குப் போகும். மூன்று பகுதிகளுக்கும் குறித்த நேரங்கள், 100 எண் நிகழ்வில் உள்ள மூன்று அளவுகள், மீண்டும் மீண்டும் வந்த 101, 102, 103 நிகழ்வுகளின் பெயர்கள், வடிகட்டிப் பட்டியலின் நகல், நெட்வொர்க் இல்லாமல் செய்த தொடக்கத்தின் நேரம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தொகுத்து அனுப்புங்கள். நிர்வாகி முதலில் கேட்கக்கூடிய கேள்விகள் பெரும்பாலும் இவைதாம்.